மத்தியதரைக் கடலில் மூன்று சிறு தீவுகள்

மத்தியதரைக் கடலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பெருந்தீவுகளையே குறிப்பிடுவர். சிசிலி, சாடினியா, கோர்சிக்கா, கிரீற், சைப்பிரஸ் என்பன சரித்திர நூல்களிற் பலகால் இடம்பெற்றவை. பேரரசுகள் தம்முள் போட்டியிட்டுக் கைப்பற்றியவை. ஆயின், அக்கடலின் தேசப்படத்தை விரித்து உற்றுநோக்கினால், இப்பெருந்தீவுகளுக்கிடையே எள்ளைத் தூவினாற்போல எண்ணற்ற சிறு புள்ளிகள் தென்படும். அவற்றுட் பல வெறும் பாறைகள். ஏனைய புள்ளிகளில் மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். ஆறில்லை, அகன்ற வயலில்லை. ஆயினும் வாழ்க்கை உண்டு. அத்தகைய தீவுகள் மூன்றைப் பற்றியதே இப்பேச்சு.

அண்மைக் காலத்தில் உல்லாசப் பிரயாணிகளின் கண் இச்சிறு தீவுகளின் மேல் விழுந்திருக்கின்றது. இதற்குக் காரணம் உண்டு. புகழ்பெற்ற தீவுகள் சனநெருக்கடியால் திணறுகின்றன. சுமார் பதினையாயிரம் மக்கள் வாழும் சந்தோரினி என்னும் கிரேக்கத் தீவுக்கு ஆண்டொன்றில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகின்றனர். பெருங்கப்பல்களில் வந்திறங்குவோரிடம் கட்டணம் அறவிடும் ஏற்பாட்டைக் கிரேக்க அரசு 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆதலின், அமைதியை நாடுவோர் பெயர் அறியாத தீவுகளைத் தேடிப் புறப்படுகின்றனர். அங்கே அவர்கள் எதனைக் காண வேண்டும்? அவர்களின் வருகையை அத்தீவுகள் தாங்குமா? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டே இத்தீவுகளை அணுகுதல் வேண்டும்.

முதலாவது, இத்தாலி நாட்டுக்குரிய பாந்தெல்லேரியா. சிசிலியிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீற்றர் தூரத்தில் அது இருக்கின்றது. ஆபிரிக்காவின் துனீசியக் கரையோ அதற்குச் சுமார் 70 கிலோமீற்றரிலேயே உள்ளது. பரப்பு 83 சதுர கிலோமீற்றர். எரிமலையிற் பிறந்த தீவாதலால் அதன் கல் கரியது, மண்ணும் கரியது. ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கிச் சில நூற்றாண்டுகள் அராபியர் அங்கே ஆண்டனர். அவர் ஆட்சி மறைந்து ஏறக்குறைய 900 ஆண்டுகள் கழிந்தும், கம்மா, காதிர், புக்குராம் என ஊர்ப் பெயர்கள் இன்றும் அரபு ஒலியுடனேயே வழங்குகின்றன. காற்றின் மகள் என்று அராபியர் இத்தீவை அழைத்ததாகச் சொல்வதுண்டு. ஆண்டின் பெரும்பாகமும் அங்கே காற்று ஓயாது வீசுவதை அறிந்தோர் இப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார்.

இத்தீவின் உழவனுக்குப் பகை இரண்டு: ஒன்று காற்று, மற்றொன்று தண்ணீரின்மை. இவ்விரண்டையும் எதிர்த்து அவன் கையாண்ட கருவி ஒன்றே. அதுவே கல். நிலத்தைத் திருத்தும்போது கிடைத்த எரிமலைக் கற்களைக் கொண்டு, சாந்து பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் கட்டினான். மலைச்சரிவுகள் முழுவதும் படிப்படியாக அம்மதில்களே மண்ணைத் தாங்கி நிற்கின்றன. கல்லைக் கொண்டே வீடும் அமைத்தான். தம்முசோ எனப்படும் அவ்வீட்டின் சுவர் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்பு உடையது. வெயிலின் வெம்மை உள்ளே புகுவதில்லை. கூரை குவிமாடமாக வெண்ணிறத்தில் அமைந்திருக்கும். அழகுக்காக மாத்திரம் அவ்வாறு அமைத்தாரல்லர். கூரையில் விழும் மழைநீர் ஒரு துளியும் வீணாகாமல் வழிந்தோடி, வீட்டின் அடியிலோ அருகிலோ உள்ள நிலத்தொட்டியைச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். மழைக்காலத்தில் தொட்டி நிரம்பினால் கோடைக்கு நீருண்டு; நிரம்பாவிடின் அவ்வாண்டு முழுவதும் ஒவ்வொரு குவளை நீரையும் அளந்தே செலவிட வேண்டும். கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் பிற்காலத்தில் வந்தவை. பல நூற்றாண்டுகளாகத் தீவைக் காத்தவை கூரையும் தொட்டியுமே.

அங்குள்ள பயிர்த்தொழிலும் பணிந்து வாழும் தொழிலாகும். கொடிமுந்திரிகையைப் பந்தலில் ஏற்றினால் காற்று பிய்த்தெறிந்துவிடும். ஆகவே நிலத்திற் சிறு பள்ளம் பறித்து, அதனுள் கொடியை நட்டு, குறுஞ்செடியாக நறுக்கி வளர்க்கின்றனர். பள்ளம் காற்றைத் தடுக்கும். இரவுப் பனியின் ஈரத்தையும் மழைநீரையும் வேரருகே சேர்த்து வைக்கும். கிளைகள் தாழ்ந்து கிடப்பதால், பழம் பறிப்போர் நாள் முழுவதும் குனிந்தே வேலை செய்ய வேண்டியிருக்கின்றது. இம்முறையை 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. ஓங்கி வளர வேண்டிய ஒலிவ மரத்தையும் அவர்கள் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும்படி கவாத்துச் செய்து பழக்கியிருக்கின்றனர். கேப்பர் என்னும் செடியின் மலராத மொட்டுகளைக் கையாற் பறித்துக் கடலுப்பிலிட்டுப் பதப்படுத்துவதும் அத்தீவின் பழைய தொழில்.

ஆயின், பாந்தெல்லேரியாவைக் காணச் செல்வோர் தவறாது காண வேண்டியது வேறொன்று. வயல்களின் நடுவே, ஆளுயரத்துக்கும் மேலாக, வட்டவடிவில் ஒரு கல்மதில் நிற்கும். பழங்காலக் கோட்டையோ என்று ஐயுறத் தோன்றும். கூரை இல்லை, நுழைவதற்கு ஒரு சிறு வாயில் மாத்திரம் உண்டு. உள்ளே சென்று பார்த்தால் ஒரேயொரு தோடைமரம் நிற்கும். அம்மரத்தைக் காற்றிலிருந்து காப்பதற்காகவே அவ்வளவு பெரிய மதில் எழுந்தது. பகலில் வெயிலேறிய கற்கள் இரவில் குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் அவற்றிற் படிகின்றது. அவ்வீரம் மண்ணைச் சேர்கின்றது. நீரூற்ற ஆளில்லாத இடத்திலும் மரம் பிழைத்துக்கொள்கின்றது. பிள்ளைக்கும் நோயாளிக்கும் தோடம்பழம் வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் எத்தனை ஆயிரம் கற்களைச் சுமந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், மன்னர் எழுப்பிய மாளிகைகளிலும் இம்மதில் மேலானதாகத் தோன்றும்.

இம்மதில்கள் தாமாகவே நிற்பன அல்ல. மழையிலே ஒரு கல் சரிந்தால் அன்றே எடுத்து வைக்க வேண்டும். ஓராண்டு கவனியாது விட்டால் மதில் சரியும். மதில் சரிந்தால் மண் ஓடிவிடும். குனிந்து வேலை செய்யும் உழவர் தொகை குறையக் குறைய, கைவிடப்பட்ட படிநிலங்களும் பெருகுகின்றன. பழைய கல்வீடுகளை வெளியூர்ச் செல்வர் வாங்கிக் கோடைக்கால மனைகளாக்கியுள்ளனர். வீடு பிழைத்தது, ஆனால் அதைச் சூழ்ந்த வயலை யார் பேணுவது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. 2016 ஆம் ஆண்டில் தீவின் பெரும்பகுதி தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சட்டம் காட்டைக் காக்கக்கூடும். கல்லடுக்கத் தெரிந்த கையைச் சட்டத்தினால் ஆக்கித் தர முடியாது.

இனிக் கிழக்கு நோக்கிச் செல்வோமாயின், ஈஜியன் கடலின் தென்கிழக்கே, துருக்கிக் கரையை அடுத்துக் கலிம்னோஸ் என்னும் கிரேக்கத் தீவு எதிர்ப்படும். பாந்தெல்லேரியா மக்கள் மண்ணை நம்பினர். கலிம்னோஸ் மக்களுக்கு நம்புவதற்கு மண்ணும் இல்லை. தீவின் பெரும்பகுதி வறண்ட சுண்ணக்கல் மலை. ஆகவே அவர்கள் கடலின் அடித்தளத்தையே தம் வயலாகக் கொண்டனர். அங்கே அவர் கொய்த விளைபொருள் கடற்பஞ்சு. பார்வைக்குச் செடி போலிருப்பினும் கடற்பஞ்சு ஓர் உயிர்ப்பிராணி. குளிப்பதற்கும் துடைப்பதற்கும் வைத்தியத்துக்கும் ஐரோப்பா எங்கும் அது விலைப்பட்டது.

பழைய முறையிலே, மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் கல்லின் துணையால் இறங்கியதுபோலவே, கலிம்னோஸ் சுழியோடியும் ஒரு தட்டைக் கல்லைக் கையிற் பற்றிக்கொண்டு கடலுட் பாய்வான். கல்லைக் கயிற்றில் பிணைத்திருப்பர். கல்லின் சாய்வை மாற்றுவதனால் இறங்கும் திசையையும் அவன் மாற்றிக்கொள்வான். மூச்சு அடங்கியிருக்கும் ஓரிரு நிமிடங்களுள் பஞ்சைக் கொய்து கயிற்றை அசைத்தால், தோணியிலிருப்போர் மேலே இழுத்துவிடுவர். இத்தொழிலில் ஆபத்து இருந்தது. ஆயினும் மனிதனின் மூச்சே அதற்கு ஓர் எல்லையாக அமைந்தது.

1860களில் அவ்வெல்லை நீங்கியது. செம்பினாலான தலைக்கவசமும் இறப்பர் உடையும் காற்றை இறைக்கும் யந்திரமும் அத்தீவுகளை அடைந்தன. சுழியோடி இப்போது நீரடியில் நெடுநேரம் நடந்து திரியலாம். முன்னர் எட்டாத ஆழத்துக்கும் இறங்கலாம். வாணிகம் செழித்தது, துறைமுகத்திற் செல்வர் மாடமாளிகைகள் எழுந்தன. ஆனால் மேலே வந்த சுழியோடிகளுட் சிலர் திடீரென விழுந்து இறந்தனர். பலர் கால் மடங்கி, வாழ்நாள் முழுவதும் முடவராயினர். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ஆழத்தில் அழுத்தம் மிகுவதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திற் கரைந்து விடுகின்றது. விரைந்து மேலே வரும்போது, சோடாப் போத்தலைத் திறந்தாற்போல, அது குமிழிகளாகப் பொங்கி நரம்புகளைத் தாக்குகின்றது. இவ்வுண்மையைப் பிரெஞ்சு விஞ்ஞானி போல் பேர் 1878 இல் விளக்கினார். படிப்படியாக நின்று மேலேற வேண்டிய கால அட்டவணையை ஹால்டேன் என்பார் 1908 இல் வெளியிட்டார். ஆயினும் அறிவு பிறந்த இடத்துக்கும் அது தேவைப்பட்ட இடத்துக்கும் நெடுந்தூரம் இருந்தது.

அறியாமை மாத்திரம் அவர்களைக் கொல்லவில்லை, கடனும் கொன்றது. உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னர் தோணிகள் வட ஆபிரிக்கக் கரைக்குப் புறப்படும். புறப்படுமுன் சுழியோடிக்கு முற்பணம் கொடுப்பர். அப்பணம் குடும்பத்தின் பழைய கடனுக்கும் வரப்போகும் மாதங்களுக்குமாகச் செலவாகிவிடும். இலையுதிர் காலத்தில் திரும்புமுன் அதற்கு ஈடான பஞ்சை அவன் சேர்த்தாக வேண்டும். ஆகவே இன்னும் ஒரு முறை, இன்னும் சற்று ஆழம் என்று இறங்கினான். துறைமுகத்தில் நின்று வழியனுப்பிய பெண்கள், திரும்பி வருவோரை எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை உடையராயினர். யந்திர உடையை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் முறையிட்டதும், ஒட்டோமன் ஆட்சி ஒருகாலம் தடை விதித்ததும் உண்டு, தடை நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றைக் கலிம்னோஸ் மக்கள் ஏட்டில் எழுதி வைத்ததோடு அமையவில்லை, ஆடலிலும் வைத்திருக்கின்றனர். மிஹானிக்கோஸ் என்பது அவ்வாடலின் பெயர். யந்திர உடை அணிந்த சுழியோடியையே அச்சொல் குறிக்கும். ஆடவர் வரிசையாகக் கைகோத்து ஆடுவர். முதல்வன் மாத்திரம் ஒரு தடியை ஊன்றி, கால்கள் நடுங்கத் தள்ளாடித் தள்ளாடி அடியெடுத்து வைப்பான். வேற்றூரார் அதனை வேடிக்கை என்று கருதிச் சிரித்தலும் கூடும். முடவனான சுழியோடியின் நடை அது என்று அறிந்தவர் சிரியார்.

செயற்கைப் பஞ்சு சந்தைக்கு வந்ததாலும், 1986 இல் பரவிய நோயினால் கடற்பஞ்சு மடிந்ததாலும், அத்தொழில் குன்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பலர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்குள்ள தாப்பன் ஸ்பிரிங்ஸ் என்னும் பட்டினம் அவர் கைவண்ணத்தால் பஞ்சுத் தொழிலிற் பேர்பெற்றது. தாய்த்தீவும் அழிந்து போகவில்லை. 1990களின் பிற்பகுதியில் இத்தாலிய மலையேற்ற வீரர் ஒருவர் அத்தீவின் செங்குத்தான சுண்ணப் பாறைகளின் அருமையைக் கண்டறிந்தார். அன்று தொட்டுப் பல நாட்டு மலையேறுவோர் அங்கே வருகின்றனர். அவர்கள் வருவது கொளுத்தும் கோடையில் அன்று. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலுமே. ஏனைய தீவுகளிற் கடையடைக்கும் மாதங்களில் இங்கே உணவுச்சாலைகள் திறந்திருக்கின்றன. பயனற்றது என்று பாட்டனார் வெறுத்த பாறை பேரனுக்குச் சோறிடுகின்றது. வருகையாளர் ஒரு தீவுக்கு நன்மை செய்வதும் இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது தீவு மூன்றினுள்ளும் மிகச் சிறியது. கஸ்தெலோரிசோ என வழங்கும் அதன் பரப்பு சுமார் 9 சதுர கிலோமீற்றர். கிரேக்க நாட்டின் கிழக்கெல்லை அது. துருக்கியின் காஷ் பட்டினத்துக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டே கிலோமீற்றர் கடல். உறோட்ஸ் தீவோ நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. இன்று அங்கே வாழ்வோர் ஐந்நூறு பேர் அளவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்பதாயிரம் பேர் வரையில் வாழ்ந்தனர். அனத்தோலியாவின் மரத்தையும் கரியையும் ஏற்றிக்கொண்டு, அவர்களுடைய பாய்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா, பெய்ரூற் முதலிய துறைகளுக்கு ஓடின.

அம்மக்களை அத்தீவிலிருந்து விரட்டியது எது? ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாற்றங்களே. நீராவிக் கப்பல் வந்ததும் பாய்க்கப்பலின் காலம் முடிந்தது. 1913 இல் தீவினர் ஒட்டோமன் ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தனர். 1915 இல் பிரெஞ்சுப் படை வந்திறங்கியது. 1921 இல் இத்தாலியரிடம் தீவு கைமாறியது. எதிர்க்கரை வேறு நாடாகிவிட்டது. அங்கிருந்த நிலத்தையும் வாணிகத்தையும் அவர்கள் இழந்தனர். குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோரை இரண்டாம் உலகயுத்தம் விட்டுவைக்கவில்லை. 1943 இல் பிரித்தானியப் படை தீவிற் கால்வைத்ததும் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. மக்களைச் சைப்பிரசுக்கும், அங்கிருந்து காசாவில் அமைந்த அகதி முகாமுக்கும் கொண்டு சென்றனர். அவர்கள் இல்லாதபோது, 1944 இல், தீ பற்றி வீடுகளிற் பெரும்பகுதி எரிந்தது. யுத்தம் முடிந்து, 1945 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் ஊர் திரும்புவோரை ஏற்றிக்கொண்டு எகிப்தின் போர்ட் செயிட் துறையினின்றும் புறப்பட்ட கப்பலில் நடுக்கடலில் தீ மூண்டு, 33 பேர் மாண்டனர். பிழைத்து வந்தோர் கண்டது சாம்பலான ஊர். அதன்பின்னரும் பலர் அவுஸ்திரேலியாவுக்கே சென்றனர். 1947 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் தீவு கிரேக்க நாட்டுக்கு உரியதாயிற்று. ஆயின் அதில் வாழ ஆளில்லை.

அந்நாளிலும் அவ்விடத்தை விட்டு அகலாதிருந்தவர்கள் உண்டு. கஸ்தெலோரிசோவுக்கு மேற்கே உறோ என்றொரு பாறைத்திட்டு இருக்கின்றது. டெஸ்பினா ஆக்லாடியோட்டி என்னும் பெண்மணி தம் கணவருடன் ஆடு மேய்த்து அங்கே வாழ்ந்தார். கணவர் இறந்த பின்னரும் அத்திட்டைக் கைவிடவில்லை. அங்கே நாள்தோறும் காலையில் தம் நாட்டுக் கொடியை ஏற்றி, மாலையில் இறக்கி வைத்தார். 1982 இல் அவர் காலமாகும் வரை இது நடந்தது. எவரும் அவரை அப்பணிக்கு நியமிக்கவில்லை. அவர் கல்லறை அத்திட்டிலேயே இருக்கின்றது.

இன்று கஸ்தெலோரிசோத் துறையில் நுழையும் கப்பலிலிருந்து நோக்கினால், மஞ்சளும் நீலமும் சிவப்பும் பூசிய வீடுகள் கரையோரமாக வரிசையிட்டு நிற்பது கண்ணுக்கு இனிமையாக இருக்கும். தெளிந்த நீரில் கடலாமைகள் நீந்தி வரும். ஆயின் அவ்வரிசைக்குப் பின்னே மேட்டில் ஏறிச் சென்றால், கூரையற்ற சுவர்களும், வாயிற்படி மாத்திரம் எஞ்சிய மனைகளும் காணப்படும். பழுது பார்க்கப்பெற்ற வீடுகளுட் பலவற்றின் உரிமையாளர் பேர்த்திலும் சிட்னியிலும் வாழும் பேரப்பிள்ளைகள். கோடையில் அவர்கள் வந்து கதவைத் திறப்பர். திருமணமும் ஞானஸ்நானமும் பாட்டியின் ஊரிலேயே நடத்துவர். இலையுதிர் காலம் வந்ததும் கதவுகள் மூடப்படும். எஞ்சிய ஐந்நூறு பேர் அடுத்த கப்பல் வரும் நாளை எண்ணியிருப்பர். கடல் கொந்தளித்தால் அதுவும் வாராது.

இம்மூன்று தீவுகளிலும் கேட்கும் கதை வேறு வேறாயினும் அதன் கருத்து ஒன்றே. சிறு தீவைத் தீவாக வைத்திருப்பவர் மாரிகாலத்திலும் அங்கே தங்கியிருப்போர். மதிலிற் சரிந்த கல்லை எடுத்து வைப்பவர் அவர். தோணிக்குத் தார் பூசுபவர் அவர். பள்ளிக்கூடம் மூடப்படாதிருக்கத் தம் பிள்ளையை அங்கேயே படிக்க வைப்பவரும் அவர். ஒரேயொரு மாணவனுக்காகப் பள்ளி திறந்திருந்த செய்தி கிரேக்கத் தீவுகளிலிருந்து வந்ததுண்டு. அப்பிள்ளையின் குடும்பம் வெளியேறிய அன்று, அழகிய வீடுகள் இருந்தும் அத்தீவு வெறும் காட்சிச்சாலையாகிவிடும்.

ஆகவே, இத்தீவுகளைக் காண விழைவோர் சிலவற்றை நெஞ்சிற் கொள்ளுதல் நன்று. ஆவணி மாதத்து நெரிசலில் செல்வதிலும், சித்திரையிலோ ஐப்பசியிலோ செல்வது தமக்கும் தீவுக்கும் நலம். காற்று மாறினால் கப்பல் நிற்கும். ஆதலின் நாட்களை இறுக்கி வகுத்தல் ஆகாது. தண்ணீர் அங்கே மழையின் கொடை. சில தீவுகளுக்குக் கப்பலில் ஏற்றி வரும் சரக்கு. நகரத்து விடுதியிற் போல அதனைத் திறந்து விடுதல் தகாது. தீவில் விளைந்ததை வாங்கி உண்டால் அப்பணம் மதிலைக் காக்கும் கைக்கே போய்ச் சேரும். வயல் மதிலின்மீது ஏறுதலும், நினைவுக்கென்று ஒரு கல்லை எடுத்து வருதலும் சிறு செயல்களாகத் தோன்றலாம். ஆயின் அக்கல் ஒருவர் சுமந்து வந்து பொருத்தி வைத்த கல்.

புகழ்பெற்ற இடங்களுக்குச் செல்வோர் கோயிலையும் கோட்டையையும் கண்டு, அவற்றை எழுப்பியோர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின என்று சொல்லித் திரும்புவர். சிறு தீவிலோ எழுப்பியோரின் பேரர் இன்னும் இருக்கின்றனர். பாந்தெல்லேரியாவின் வட்ட மதிலுக்குள் அந்தத் தோடைமரம் இவ்வாண்டும் காய்த்திருக்கும். அதன் பழத்தைப் பறிக்க அவ்வீட்டில் ஆளிருக்கும் வரையில், அங்கே செல்லும் விருந்தினனுக்கும் ஒரு பழம் கிடைக்கும்.